கர்ணனை வரையப்போய் ஒன்றரை லட்சம் விட்ட கதை

சேலம் அம்மாப்பேட்டையில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்தில் கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் அடைத்து, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஊடை, அதாவது குறுக்கு இழை, ஒன்றுக்கு அட்டை ஒன்று. அன்னப்பட்சி கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் எத்தனை அட்டை தள்ளி வளைவு தொடங்க வேண்டும் என்பது விரலுக்கே தெரியும். அப்புறம் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது, என் வேலை பாதியாகக் குறைந்தது. 2022 சித்திரையில், ஏழாவது படிக்கும் என் மகள் போனில் ஒரு பாரதக் கதை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் திரையில் ஒரு கை வந்து கோடு இழுக்கும், படம் உருவாகும், பின்னாலிருந்து குரல் கதை சொல்லும். அர்ச்சுனன் முகம் திருவிழாக் கடைப் பொம்மை மாதிரி இருந்தது. “அப்பா, நீ இதைவிட நல்லா வரைவியே” என்றாள். என்னைக் கவிழ்த்தது இந்த ஒரு சொல்தான். கர்ணன் கதையை அசையும் படமாக வரைந்து யூடியூபில் போட இறங்கினேன். அதற்குப் பிறகு பதினான்கு மாதம், 1,57,300 ரூபாய், என் மனைவியின் ஒரு சங்கிலி, நிறையத் தூக்கம் போயின. இறங்குவதற்கு முன் நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்தவர் எவரும் பக்கத்தில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அசையும் படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஒரே ஓவியத்தை இரண்டிரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 ஓவியம் போதும். ஐந்து நிமிடக் கதைக்கு 3,600 ஓவியம். இதைக் கேட்டு நான் பயப்படவில்லை. முந்தானைக்கு எத்தனை ஆயிரம் அட்டை பார்த்த ஆள் என்ற மிதப்பு. நான் மறந்தது, சேலையில் ஒரு புட்டா, அதாவது சின்னப் பூ டிசைன், போட்டால் அது திரும்பத் திரும்ப வரும் என்பதை. கர்ணன் திரும்ப வரமாட்டான். வில்லை எடுக்கும்போது ஒரு தோள், வைக்கும்போது வேறு தோள். ஒரு நிமிடம் நாற்பது விநாடி வீடியோவுக்கு ஆறு வாரம் பிடித்தது. 1,200 ஓவியம். அதைப் பார்த்தவர்கள் 63 பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள்.

வரையத் தொடங்குவதற்கு முன்பே பென் டேப்லட் 8,500, பழைய கம்ப்யூட்டர் 42,000 என்று வாங்கிவிட்டேன். இது முதல் தப்பு. கிருதா, ஓப்பன்டூன்ஸ் இரண்டும் இலவச மென்பொருள்கள், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். யாரிடமாவது கம்ப்யூட்டரைக் கடன் வாங்கி முதலில் இருபது விநாடி மட்டும் வரைந்து பாருங்கள். 240 ஓவியம். அதை முடித்த பிறகும் ஆசை மிச்சம் இருந்தால் கடைக்குப் போங்கள்.

தனியாக முடியாது என்று தெரிந்ததும் ஆள் தேடினேன். ஒரு சின்ன ஸ்டுடியோக்காரர் கிடைத்தார். கர்ணன் கதை பத்துப் பாகம், பாகம் ஐந்து நிமிடம், ஒன்றுக்கு 15,000, ஆக ஒன்றரை லட்சம், பாதி முன்பணம். தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்தோம். பீட்ரூட் துருவலும் சட்னியும் சட்டையில் சொட்டாமல் தின்பதில் இருந்த கவனம் பேச்சில் இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். அவ்வளவு பெரிய வேலைக்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தட்டுவடைக் கடைக்காரர். கையில் பணம் இல்லை. மனைவியிடம் சொல்லாமல் அவள் சங்கிலியை அடகு வைத்து 75,000 அனுப்பினேன். பதிலுக்கு வந்தது “ஓகேண்ணா” என்று ஒரு மெசேஜ்.

ஐந்து மாதத்தில் மூன்று பாகம் வந்தன. நன்றாகவே இருந்தன என்று நினைத்தேன். இரண்டாம் பாகம் போட்ட மூன்றாவது வாரம் யூடியூபிலிருந்து அறிவிப்பு வந்தது. கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுக்கும் காட்சி, வேறொருவர் வெளியிட்ட படக்கதையிலிருந்து கோட்டுக்குக் கோடு எடுத்தது. வீடியோ நீக்கப்பட்டது, சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக், அதாவது பதிப்புரிமை மீறியதற்கான எச்சரிக்கை. அந்தப் படத்தையும் என் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கையில் கத்தி பிடித்திருக்கும் விதம், கழுத்தில் ஒரே ஒரு மணி விலகியிருப்பது எல்லாம் அப்படியே. டிசைன் திருடுகிறவனை எங்கள் தொழிலில் என்ன சொல்லித் திட்டுவோம் என்பது எனக்குத் தெரியும். அந்தத் திட்டு எனக்கே வந்து சேர்ந்தது. ஸ்டுடியோக்காரரைக் கேட்டதற்கு, “ரெஃபரன்ஸுக்குத்தாண்ணா எடுத்தோம்” என்றார். மீதி இரண்டு பாகத்தை நானே திருத்திக்கொள்கிறேன், லேயர் பிரித்த ஒர்க்கிங் ஃபைலை, அதாவது அடுக்கு அடுக்காகத் திருத்த முடிகிற மூலக் கோப்பை, கொடுங்கள் என்றேன். அதற்குத் தனியாக 20,000 கேட்டார். பத்து நாளில் போன் எடுப்பதும் நின்றது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கர்ணன் கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு: ஒருவர் வரைந்த ஓவியம், ஒருவர் பாடிய பதிவு, ஒருவர் செய்த மொழிபெயர்ப்பு, கடைசியில் நீங்கள் காசு கொடுத்துச் செய்த வீடியோவின் ஒர்க்கிங் ஃபைல்கூட. நம் நாட்டுச் சட்டப்படி, எழுதியவர் இறந்த அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் பதிப்புரிமை இருக்கும். பாரதியார் 1921இல் மறைந்தவர், பாஞ்சாலி சபதத்தை யாரும் எடுத்தாளலாம். நேற்று வந்த உரைநடை பாரதத்தை வரிக்கு வரி வாசிக்க முடியாது. வரைபவரிடம் உரிமையை எழுதி வாங்க வேண்டும், கையெழுத்தோடு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும். என்னிடம் இருந்த “ஓகேண்ணா”வில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? பணத்தையும் பாகம் பாகமாகத்தான் கொடுக்க வேண்டும். ஒர்க்கிங் ஃபைல் கைக்கு வந்த பிறகு அடுத்த தவணை என்று முதலிலேயே பேசியிருந்தால் அதிகபட்சம் 15,000 போயிருக்கும்.

கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கிளைம் வந்தால் பெரும்பாலும் வீடியோ ஓடும், விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும். ஸ்ட்ரைக் என்றால் வீடியோ போய்விடும். மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். ஒரு ஸ்ட்ரைக் 90 நாளில் காலாவதியாகும், யூடியூப் வைத்திருக்கும் சின்னப் பாடத்தை முடித்திருந்தால். அந்த 90 நாளும் போனில் மணி அடித்தாலே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிளைமும் வந்தது. இணையத்தில் கிடைத்த ஒரு பழைய விருத்தத்தைப் பின்னணியில் ஓட்டியிருந்தேன். பாட்டு சில நூற்றாண்டு பழசு, யார் கேட்பார்கள் என்ற தைரியம். பாட்டு பழசுதான், பாடிய பதிவு பழசில்லை. ஒலிப்பதிவுக்கும், அது வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் உரிமை உண்டு.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போட்டுக்கொள்ள என் மனைவி சங்கிலியைத் தேடினாள். நான் டிசைன் தாள்களுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்த அடகு ரசீது அன்றைக்கே அகப்பட்டது. அவள் சத்தம் போடவில்லை. “ஏங்க, கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருக்க மாட்டனா?” என்றாள். பண்டிகைக்கு மஞ்சள் கயிற்றோடு வந்தாள். கூட்டத்தில் அவள் கழுத்தைப் பார்க்காமல் இருக்க நான் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடனை அவளுக்குத் தெரியாமல் வாங்கியதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பெரிய நஷ்டம். மற்றதெல்லாம் கணக்கில் எழுத முடிந்தவை.

சரி, கதைக்கு வருவோம். நானே மறுபடி உட்கார்ந்து மூன்றாம் பாகத்தைத் திருத்தினேன். அதில் இந்திரப்பிரஸ்த மண்டபத்தில் துரியோதனன் தண்ணீரில் விழுவான், மாடத்திலிருந்து பாஞ்சாலி சிரித்து, “குருடன் மகனும் குருடன்தானா” என்பாள். சின்ன வயதிலிருந்து எல்லாரும் சொல்லிக் கேட்டது, சந்தேகமே வரவில்லை. சுகவனேசுவரர் கோயில் பிரகாரத்தில் தினமும் உட்காரும், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குப் பெருமையாகக் காட்டினேன். பார்த்துவிட்டு, “எந்த பாரதத்துல இருக்கு தம்பி இது?” என்றார். வியாசர் பாரதம் என்றேன். “எந்தப் பக்கம்?” என்றார். நான் பக்கமே புரட்டியதில்லை. வியாசர் பாரதத்தின் சபா பர்வத்தில் அவன் விழும் இடத்தில் சிரிப்பது பீமனும் அர்ச்சுனனும் நகுல சகாதேவரும் வேலைக்காரர்களும்தான், பாஞ்சாலியும் சிரித்தாள் என்று துரியோதனன்தான் பிறகு தகப்பனிடம் சொல்கிறான், இந்த வசனம் பாஞ்சாலி வாயில் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்று சொல்லிவிட்டு, “வியாசர் மகன் சுகர் கிளியா வந்து பூசை பண்ணுன கோயில்னு சொல்றோம். இங்க உக்காந்துக்கிட்டு வியாசர் சொல்லாததை அவர் தலையில கட்டறியே” என்று சிரித்தார். நாற்பது விநாடி, 480 ஓவியம், குப்பை.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். கங்குலியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1883 முதல் 1896 வரை வந்தது. அதற்கு உரிமைக் கெடு முடிந்துவிட்டது. புனேயில் பண்டார்க்கர் நிறுவனம் ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டு, 1919இல் தொடங்கி 1966இல் செம்பதிப்பை முடித்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த சில காட்சிகள் அதன் மூலப் பாடத்தில் இல்லை. பிள்ளையார் பாரதம் எழுதியதும் அப்படி இல்லாத காட்சிகளில் ஒன்றுதான். கண்ணன் கிழ அந்தணனாக வந்து, தேரில் சாய்ந்து கிடக்கும் கர்ணனிடம் புண்ணியத்தைத் தானமாகக் கேட்பது வில்லிபுத்தூரார் பாரதத்தில் இருப்பது, வியாசரிடம் இல்லை. அதனால் அந்தக் காட்சி பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிர் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தெரியவில்லை, இந்த நேரத்தில் வந்து கேட்கிறாயே என்று கர்ணன் சொல்லும் அந்தப் பாட்டுக்கு ஈடாக எதுவும் நான் படித்ததில்லை. வில்லி சொன்னது என்று சொல்லிவிட்டுக் காட்டினால் முடிந்தது. இப்போது ஒவ்வொரு வீடியோவின் முதல் ஐந்து விநாடியிலும் இது வில்லி சொன்னது, இது வியாசர் சொன்னது, இது எங்கள் பக்கத்துக் கூத்தில் பார்த்தது என்று எழுதிவிடுகிறேன். கமெண்டில் சண்டை பாதி குறைந்தது. ராமாயணம் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். லட்சுமணன் கிழித்த கோடு வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. வால்மீகியின் அகலிகை கல்லாவதில்லை, யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள், கம்பனில்தான் கல். படம் வரைவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு ஓவியம்.

குரல் பதிவு பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் தெருவில் விடிந்ததும் விசைத்தறி ஓட ஆரம்பிக்கும். சடக் சடக் என்று அது காதுக்குப் பழகிப்போனதால் எனக்குக் கேட்கவே கேட்காது. மைக்குக்குக் கேட்டது. குந்தி அழும்போதும் தறி, குருட்சேத்திரத்திலும் தறி. அமைதி வேண்டுமென்று ஏற்காட்டில் இரண்டு நாள் அறை எடுத்தேன். போகிற வழியில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைப் பார்த்து ஒரு சந்தோஷம். அவர்கள் 1937இல் எடுத்த முதல் படமே சதி அகல்யா, நாமும் அந்த வரிசைதான் என்று. இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் சந்தோஷம் வாந்தியில் போனது. மேலே பகலில் வண்டிகளின் ஹாரன், சாயங்காலம் ஆனதும் சில்வண்டு. தறியையாவது ராத்திரி நிறுத்துவார்கள், சில்வண்டை யார் நிறுத்துவது? 4,800 ரூபாய் செலவழித்துக் கொண்டுவந்தது ஒரு ஜலதோஷம். கடைசியில் வழி வீட்டிலேயே இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்குப் பிறகு, சேலைகள் தொங்கும் மர பீரோவின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு பேசினேன். துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். அதற்கு முன்பே குரல் கொடுக்க ஓர் ஆளுக்கு 12,000 கொடுத்திருந்தேன். அவர் ‘ழ’வை ‘ல’ என்றார், அதையும் முன்பணம் கொடுத்த பிறகுதான் கேட்டேன்.

தமிழ் எழுத்து இன்னொரு கூத்து. சில மென்பொருளில் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். “கொடை” என்று போட்டது என்னவோ மாதிரி வந்து, அப்படியே வெளியிட்டுவிட்டேன். எழுத்தைத் தனியாக வேறு இடத்தில் அடித்து, படமாக மாற்றி ஒட்டுவதுதான் பத்திரம்.

காசு வரும் வழியைப் பற்றியும் எனக்குத் தப்புக் கணக்கு. யூடியூபில் என்னுடையது மாதிரி நீள வீடியோக்களை வைத்து விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். சீக்கிரம் சேரட்டும் என்று 15,000 ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தேன். எண்ணிக்கை ஓடியது, மனம் குளிர்ந்தது. விளம்பரம் மூலம் வந்த நேரம் அந்த 4,000இல் சேராது என்பது பிறகுதான் தெரிந்தது. ஷார்ட்ஸ் பார்த்த நேரமும் சேராது. அழித்த வீடியோவின் நேரமும் கழிந்துவிடும். விதியெல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், படிக்காதது நான். இன்னொன்று, கார்ட்டூன்தானே என்று எல்லா வீடியோவுக்கும் “குழந்தைகளுக்கானது” என்று குறித்திருந்தேன். 2020 ஜனவரியிலிருந்து அப்படிக் குறித்தால் கமெண்ட் மூடிக்கொள்ளும், பார்ப்பவருக்கு ஏற்ற விளம்பரமும் வராது. வரைந்த படம் என்பதால் அது குழந்தைக்கானது ஆகிவிடாது. ரத்தம் ஒழுகக் கிடக்கும் கர்ணனை நான் பெரியவர்களுக்குத்தான் செய்தேன். அதே சமயம் நிஜமாகவே குழந்தைகளுக்குச் செய்கிறவர்கள் காசுக்காக மாற்றிக் குறிக்கக் கூடாது. கடைசியில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரி சரிபார்க்கத் தபாலில் ஒரு எண் வரும். நான் பழைய கதவு எண்ணைக் கொடுத்திருந்தேன். கடிதம் வந்த வழியே திரும்பிப் போனது. அமெரிக்க வரிப் படிவத்தையும் மறக்காமல் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள், வரி ஒப்பந்தச் சலுகையையும் கேட்டு நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த காசில் மட்டும் 15 சதவீதம். இதுவரை எனக்கு வந்தது 11,400 ரூபாய். அது அப்படியே அடகுக் கடைக்குப் போனது. சங்கிலி இன்னும் வரவில்லை.

இப்போது வரையும் முறையை மாற்றிவிட்டேன். தோல்பாவை மாதிரி தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று துண்டு துண்டாக வரைந்து மூட்டில் இணைத்துக்கொள்கிறேன். ஒரு கர்ணனை ஒழுங்காக வெட்டி வைத்தால் அவனை நாலு பாகத்துக்கு ஓட்டலாம். புட்டா திரும்பி வருகிற மாதிரி. ஐந்து நிமிடத்துக்கு 3,600 என்று கணக்குப் போட்டவன் இப்போது 400க்குள் முடிக்கிறேன். பாட்டுக்கு ஓமலூர்ப் பக்கத்துக் கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்து வந்தேன். 3,000 ரூபாய் கொடுத்தேன். எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். “கூத்து கட்ட ஆரம்பிச்சு நாப்பது வருசம் ஆச்சு, ஒருத்தரும் காயிதம் நீட்டுனதில்ல” என்று அந்தத் தாளை மடித்து ஜோப்பில் வைத்துக்கொண்டார். பீரோவுக்குள் தலையை விடச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். விட்ட பிறகு எட்டுக் கட்டையில் எடுத்தார் பாருங்கள், என் மகள் அடுத்த அறையிலிருந்து எழுந்து ஓடி வந்தாள்.

முடிந்ததும் அதுவரை செய்திருந்த பாகத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிரீடத்தைப் பார்த்தார், புஜக்கட்டையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நிறுத்தச் சொல்லி, திரையில் விரலை வைத்தார். “எல்லாஞ் சரி தம்பி. கால்ல சலங்கை எங்க?”

இன்றைக்கு 38ஆவது ஓவியத்தில் சலங்கை கட்டிக்கொண்டிருக்கிறேன்.